நாற்பது நாள் அறை

கல்யாணமாகிப் போன முதல் மூன்று வருஷத்தில் என் மகள் எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு ராத்திரிதான் தங்கினாள். நான்கும் சண்டையில் முடிந்தன.

மற்றபடி வெள்ளிமலையிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். மத்தியானம் சாப்பிடுவாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். நான் முதல் நாளே கறி வாங்கி, மசாலா அரைத்து, அவளுக்குப் பிடித்த தாளிச்ச சோறு ஆக்கி வைத்திருப்பேன். வீட்டுக்குள்ளே வந்து உட்காரமாட்டாள். முன்னால் கடையில் அவளைப் பெற்ற அத்தாவுக்குப் பக்கத்தில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவன் முன்னால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. செல்போனும் எங்கள் கைக்கு வரவில்லை. என் கணவருக்கு மளிகைக்கடைத் தெருவில் கடை. மலையிலிருந்து இறங்கும் புளி, கடுக்காய், சாமை, தேன் இவற்றை வாங்கி விற்பார். முன்னால் கடை, நடுவில் சமையல்கட்டு, பின்னால் ஓர் அறை. அந்த அறைக்கும் புளி குடோனுக்கும் நடுவில் ஒரே சுவர். மேலே தண்ணீர்த் தொட்டி. இதுதான் வீடு. என் மகள் பிறந்ததும், கல்யாணம் வரைக்கும் படுத்துத் தூங்கியதும் அந்தப் பின்னறையில்தான்.

அவளுக்கு நான்கு வயதிலிருந்தே இழுப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். ஊர் முழுக்க எனக்கு வைத்தியம் சொன்னது. வாழைப்பழம் கொடுக்காதே என்றார்கள், நிறுத்தினேன். தயிர் கூடாது என்றார்கள், நிறுத்தினேன். காற்று ஆகாது என்றார்கள். அதுதான் எனக்கு மனசில் பதிந்தது. அறைக்குச் சந்துப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. முதலில் அதைச் சாத்தினேன். அடுத்த மழைக்காலம் இடுக்கில் துணி செருகினேன். அதற்கடுத்த வருஷம் பிளாஸ்டிக் தாளை வைத்து ஆணி அடித்தேன். அவள் இழுக்க இழுக்க நான் மூடிக்கொண்டே போனேன். என்னைத் தடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல தாய் என்றுதான் சொன்னார்கள்.

வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பையன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"இங்க இருக்கிற காத்துக்கே எம் பொண்ணு இழுக்குது. மலைக்குளிருக்கு ஒரு மாசம் தாங்குமா?" என்றேன்.

"பையன் தங்கம். குளிருன்னா ஸ்வெட்டர் போட்டுக்கட்டும்" என்றார் என் கணவர். அவருக்கு மலையிலேயே சரக்கு பிடிக்க ஓர் ஆள் கிடைக்கிறதே என்று சந்தோஷம். கல்யாணம் நடந்துவிட்டது.

அவள் போன முதல் மாசம் தினமும் கெட்ட செய்திக்குக் காத்திருந்தேன். புளி ஏற்றி வரும் ஜீப்காரர்களைப் பிடித்துக் கேட்பேன். "பாப்பா நல்லா கீதும்மா. தண்ணிக்கொடம் தூக்கிக்கினு மேட்டுல ஏறுது" என்பார்கள். இரண்டு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம். இழுப்பு வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பதினாறு வருஷம் நெஞ்சைத் தடவி, தைலம் தேய்த்து, மடியில் உட்கார வைத்துக் கிடந்தவள் நான். எங்கோ மலைமேல், வாசலில் ஆடு கட்டின வீட்டில், நடுவீடு வரைக்கும் கோழி வந்து போகிற இடத்தில், ராத்திரி முழுக்கக் காற்று விசிலடிக்கிற அறையில் அவள் சுகமாகத் தூங்கினாள் என்றால் என்ன அர்த்தம்? நான் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவிய வீடு என்ன ஆயிற்று?

பக்கத்து வீட்டுக்காரி இதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இனத்தவள்தான். வாய் மட்டும் வேறு இனம்.

"இன்னாக்கா, ஒம் பொண்ணுக்கு மாமியார் வூட்டுச் சோறுதான் ஒத்துக்கிது போல?"

அந்த ஆத்திரத்தில்தான் நோன்புப் பெருநாளுக்கு வந்தவளைப் பிடிவாதமாக ராத்திரி தங்க வைத்தேன். விடியும்போது உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். தலைகாணியை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தாள்.

"அங்க மூணு வேளையும் காத்துல கெடக்கிற, ஒண்ணும் வர்ல. இங்க வந்தா மட்டும் எப்டிடி வருது? நடிக்கிறியா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினாள். முதல் பஸ்ஸில் போனாள். மத்தியானம் மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் சரியாகிவிட்டதாம். ஜீப்காரன் வந்து சொன்னான். எனக்கு அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அப்புறம் அவள் உண்டானாள்.

மாப்பிள்ளை நேரில் வந்து பேசினார். "மாமி, பிரசவத்த கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில பாத்துக்கலாங்க. புள்ள பொறந்ததும் நானே மேல கூட்டிக்கினு போயிடறேன். அவளுக்கு இங்க ஒத்துக்கல இல்லிங்களா?"

"மொதப் புள்ளைக்கு நாப்பது நாளு தாய் வூட்டுல இருக்கணும். எங்க அம்மா எனக்குப் பாத்துச்சு. நான் எம் பொண்ணுக்குப் பாப்பேன். ஊரு ஒலகத்துல நான் தலை நிமிர வேணாமா?" என்றேன். அவர் நல்ல மனிதர். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஊர் உலகம் என்று வாய்தான் சொன்னது. எனக்கு வேண்டியது அந்த நாற்பது நாள். காலையில் வந்து மூன்று மணிக்கு ஓடுகிற மகள் எனக்குப் போதவில்லை. அவள் என் வீட்டில் படுத்திருக்க வேண்டும். நான் வெந்நீர் வைத்து அவள் காலில் ஊற்ற வேண்டும். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் ஊட்ட வேண்டும். மூன்று வருஷம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிற கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்தால் கண் கலங்கும். சீ என்று திரும்பிக்கொள்வேன்.

ஒரு மாசம் முன்பே பின்னறையைத் தயார் செய்தேன். கட்டில் தலைமாட்டுச் சுவரில் பூசணம் பிடித்திருந்தது. புதிது இல்லை. ஒவ்வொரு மழைக்கும் வரும். கரும்புள்ளியாகத் தொடங்கி, ஆள் உயரத்துக்குப் படரும். துடைப்பத்தால் சுரண்டினேன். பினாயில் போட்டுத் துடைத்தேன். பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிட்டேன். ரோஸ் கலர், பளபளவென்று இருக்கும் எண்ணெய்ப் பெயின்ட்.

அந்த ஆள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "செவுரு ஈரமா கீதும்மா. பெயின்ட் நிக்காது. மேல தொட்டி ஒழுவுது போல. மொதல்ல அத்தப் பாருங்க."

"நீ அடிப்பா. நாப்பது நாளு நின்னாப் போதும்."

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். யார்மேலும் போட முடியாது.

பெண் குழந்தை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் ஆட்டோவில் கூட்டி வந்தேன். தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, கம்பளியால் போர்த்தி அறைக்குள் இறக்கினேன். கதவைச் சாத்தினேன். எனக்கு அன்றைக்கு இருந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. என் மகள் என் வீட்டில் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள். மழை பெய்தால் பெய்யட்டும்.

குழந்தைத் துணியை வெளியே காயப்போடக்கூடாது, பறவை நிழல் படும் என்பார்கள். மழையில் வெளியே காயவும் செய்யாது. அறைக்குள்ளேயே இரண்டு கயிறு கட்டினேன். ஈரத்துணி நாள் முழுக்கத் தொங்கும். காலையும் சாயங்காலமும் சாம்பிராணி போட்டேன். ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் இருந்தது. போதாது என்று அதன்மேல் ஒரு ஜமக்காளம் தொங்கவிட்டேன்.

நான்காம் நாளே நெஞ்சில் சத்தம் தொடங்கியது.

"அம்மா, ஜன்னல கொஞ்சம் தொறயேன்."

"பச்ச ஒடம்புடி. இப்ப ஏறுற காத்து சாவுற வரைக்கும் எறங்காது. சும்மா படு."

"படுத்தா முடியல."

"அப்ப ஒக்காரு."

உட்கார்ந்தாள். ஐந்து நாள் உட்கார்ந்தே இருந்தாள். உட்கார்ந்தபடியே குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பால் குடிக்கும் குழந்தையின் தலை, அவள் மூச்சுக்கு ஏறி ஏறி இறங்கியது. நான் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவள் உதடு நீலம் பாய்ந்தது. பேச்சு நின்றுவிட்டது. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் திணித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்தைப் புகையாக்கி இழுக்க வைக்கும் முகமூடியைப் போட்டார்கள். ஒன்று போதவில்லை. மூன்று தடவை வைத்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். என் மகள் வயதுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. நெஞ்சில் கருவி வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"இவங்க எங்க படுக்கிறாங்க? ரூம்ல காத்து வருதா? செவுத்துல பூசணம் இருக்கா?"

"அதெல்லாம் இல்லிங்க. இப்பதான் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கேன்."

என் மகள் முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். முகமூடி இல்லாவிட்டாலும் உண்மையைச் சொல்லியிருக்கமாட்டாள். நான் ஏன் பொய் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் முப்பத்தொரு நாள் பாக்கி இருந்தது.

வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்ப் ஒன்றைக் கொடுத்து, ராத்திரி அங்கேயே வைத்துப் பார்த்து, மறுநாள் காலை அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவளை முன்கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் பின்னறைக்குப் போனேன். கட்டிலை இழுத்தேன்.

ரோஸ் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் ஒன்றை அழுத்தினேன். உடைந்து தண்ணீரும் கறுப்பு மாவும் கையில் வழிந்தது. கட்டில் தலைப்பலகையின் பின்பக்கம் பச்சையாக வெல்வெட் துணி ஒட்டின மாதிரி இருந்தது. மெத்தையைப் புரட்டினேன். அடியிலும் அதுவே. அவள் தலைகாணி உறையைக் கழற்றினேன். தலைகாணியிலும் புள்ளி. ஒரு வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குப் பழக்கம். வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் வரும். அதை நான் இத்தனை வருஷம் என் வீட்டு வாசனை என்று நினைத்திருந்தேன். நான்கு நாள் எங்காவது போயிருந்தால் அந்த வாசனைக்கு ஏங்கியும் இருக்கிறேன்.

நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை. டாக்டரம்மாவிடம் விரலைக் காட்டினேன்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"சொன்னா எம் பொண்ண அனுப்பச் சொல்லிடுவீங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூசணம் என்பது உயிருள்ளது, அதன் விதை மாதிரியான தூள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும், மூடின அறையில் அது எங்கே போகும், மூச்சுக்குள்தான் போகும் என்றார். எல்லோருக்கும் ஒன்றும் செய்யாது, அவளைப் போல இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்றார். ஈரத்துணியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெயின்ட் அடித்தால் அது சாகாது, ஈரத்தை நிறுத்தினால்தான் போகும் என்றார்.

"சின்ன வயசுல இழுப்பு வந்ததே இதாலதானா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா. பரம்பரையாவும் வரலாம், இதுவும் சேந்திருக்கலாம். யாராலயும் இன்னிக்கு உறுதியா சொல்ல முடியாது."

"மலையில ஆடு கோழியோட கெடக்கிறா, அங்க ஒண்ணும் இல்லியே?"

"ஆடு மாடு, மண்ணுன்னு அதோட பொறந்து வளந்த பிள்ளைங்களுக்கு இழுப்பு கம்மின்னு சொல்றாங்க. ஒங்க பொண்ணு அப்படி வளரல. அவங்களுக்கு அங்க காத்து ஓடுது, செவுரு காஞ்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே டாக்டர் அவர்தான். அதற்கு முன் பார்த்த எல்லோரும் வாழைப்பழத்தை நிறுத்தச் சொன்னவர்கள்.

அன்று ராத்திரி மகளும் குழந்தையும் முன்கடையிலேயே படுத்தார்கள். பதினோராம் நாள் காலை ஜீப் வந்தது. நானே மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரைக்கும் ஆள் அனுப்பி, மேலே ஏறும் ஜீப்காரர்கள் வழியாக மாப்பிள்ளைக்குச் சொல்லச் சொல்லியிருந்தேன். என் கணவர் கடை வாசலில் நின்று, "நாப்பது?" என்று மட்டும் கேட்டார்.

"மேல போய் எண்ணட்டும்" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா? "பதினோரு நாளு புள்ளய மலையில ஏத்துறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையாக்கா?"

"ஆமா. வா, ஒனக்கு அந்த ரூம்ல பாய் போட்டுத் தர்றேன், நாப்பது நாளு படு" என்றேன். அதற்கப்புறம் அவள் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. நல்லது.

மகள் ஜீப்பில் ஏறும்போது என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை நான் தட்டிவிட்டேன். பிடிக்க விட்டிருந்தால் அனுப்பியிருக்கமாட்டேன்.

மலைப்பாதையில் கரியாலூர் தாண்டும்போதே மூச்சு லேசானதாக மாப்பிள்ளை அப்புறம் சொன்னார். எனக்கு வீடு கனமாகிவிட்டது. இரண்டு கயிறும் அறையில் தொங்கின. கேழ்வரகுக் கூழுக்கு வாங்கி வைத்த கருப்பட்டி உருகியது. வெந்நீர் அடுப்பை மூன்று நாள் பழக்கத்தில் பற்றவைத்து, தண்ணீர் கொதித்த பிறகுதான் யாருக்கு என்று நினைவு வரும். அவள் மூச்சுச் சத்தம்கூட எனக்குத் தேவைப்பட்டது. எவ்வளவு கேவலமான ஆசை பாருங்கள். அவள் இழுத்தாலும் பரவாயில்லை, இங்கே இழுக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

நாற்பதாம் நாள் குளிப்புக்கு நான் மேலே போனேன். ஓட்டு வீடு. எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல், இரண்டும் திறந்தே கிடந்தன. குளிரில் எனக்குப் பல் கிட்டியது. மகள் குளித்துவிட்டு வந்து, குழந்தையை அணைத்துக்கொண்டு மட்டமாகப் படுத்துத் தூங்கினாள். தலைகாணி ஒன்றே ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். கேட்க ஒன்றும் இல்லை. அவளுக்கு நான்கு வயதானதிலிருந்து அவள் தூங்கும்போது ஒன்றும் கேட்காமல் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

எழுந்ததும், "பத்து நாளு இருந்துட்டுப் போயேம்மா" என்றாள்.

பெண் கொடுத்த வீட்டில் பத்து நாள் எப்படி இருப்பது? சம்பந்தியம்மா என்ன நினைப்பாள்? கடைக்கு யார் சோறு ஆக்குவது? அடுத்த நாள் இறங்கிவிட்டேன். இறங்கும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த இரண்டு வருஷம் அந்த வீட்டோடு மல்லுக்கட்டினேன். தொட்டியை மேலேயிருந்து இறக்கினோம். மழைக்கு ஈரம் கக்கும் புளியை வேறு குடோனுக்கு மாற்றச் சொல்லி என் கணவரோடு பேசாமல் இருந்து சாதித்தேன். சுவரின் பூச்சைச் செங்கல் தெரிய உரித்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, மறுபடி பூசினோம். மெத்தை, கட்டில் எல்லாம் தெருவில் போட்டு எரித்தேன். எதிர்ச்சுவரில் இன்னொரு ஜன்னல் வைத்தோம். கொல்லன் கம்பி வைக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன்.

பிறகுதான் மகளைக் கூப்பிட்டேன். குழந்தையோடு வந்தாள். முதல் ராத்திரி ஒன்றுமில்லை. இரண்டாம் ராத்திரியும் ஒன்றுமில்லை. பேத்தி வீடெல்லாம் ஓடியது. நான் ஆக்கினேன், ஆக்கினேன், ஆக்கிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலை பாத்ரூம் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அவள் பம்ப்பை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வெளியே வந்து, "டீ போட்டியாம்மா?" என்று சிரித்தாள்.

"எப்பலேருந்துடி?"

"இன்னாது?"

"பொய் சொல்லாத. எப்பலேருந்து?"

"மொத ராத்திரிலேருந்து. கொஞ்சந்தாம்மா. முன்ன மாதிரி இல்ல. பம்ப் அடிச்சா நின்னுடுது. பத்து நாளு இருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இருக்கறேனே."

டீ போடவில்லை. அவள் பையை எடுத்து நானே துணியை அடுக்கினேன். வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். வேறு வழியில்லாமல் அவளும் வந்தாள். வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறு என்றேன். ஏறாமல் அழுதாள்.

கண்டக்டர் எங்களைப் பல வருஷமாகப் பார்க்கிறவர். "இன்னாம்மா, பொண்ணோட சண்டையா? காலங்காத்தால தொரத்துறீங்க?"

"ஆமா, சண்டைதான். ஜன்னலோரமா எடம் குடு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். குழந்தையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

"மூணு நாளுதானேம்மா இருந்தேன்" என்றாள்.

"ரெண்டு ராத்திரி படுத்துத் தூங்கினியே. போதும். வெள்ளிக்கெழம நான் மேல வரேன். ஒன் மாமியார்கிட்ட சொல்லிவை, இந்த தடவ பத்து நாளு இருப்பேன்னு."

பஸ் கிளம்பியது. நான் கடைக்குப் போய், வருகிற வெள்ளிக்கிழமை முதல் பத்து நாளைக்குச் சோறு நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள் என்று அவளுடைய அத்தாவிடம் சொன்னேன்.